நாற்காலியில் படுத்த கிதார்

டாக்டரம்மாவுடைய நாத்தனாரின் தையல்கடைத் திறப்பு அன்று சாயங்காலம். கிதாரோ அன்று காலையிலேயே பல்லை இளித்துவிட்டது.

முதலில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, உப்புத்தாளை வைத்து ஸ்பீக்கரைத் தேய்ப்பது போல. அப்புறம் கொஞ்ச நேரம் ஒழுங்காக இருந்தது. அப்புறம், கேபிள் செருகிய இடத்தை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் பாடுவேன் என்று அடம்பிடித்தது. கிதார் வாசிக்க இரண்டு கை வேண்டும். அழுத்திப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? டாக்டரம்மா கணவரைக் கூப்பிட்டார். அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் கேபிளை அழுத்திக்கொண்டு, "சாயங்காலமும் நான் இப்படியே உட்காரணுமா? காவல் நாய் மாதிரி இருக்குமே!" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு கிதார் ஊமையாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் போத்தலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"உள்ள ஒயர் விட்டுப்போச்சு," என்றார் கணவர். "பல் டாக்டரோட கிதார் பல்லைக் காட்டாம வேற என்னத்தைக் காட்டும்?"

சொன்ன வேகத்தில் டீ டம்ளரோடு சமையலறைக்குள் போய்விட்டார். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு எந்த நகைச்சுவைக்கு அப்புறம் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது தெரியும்.

டாக்டரம்மா ஊரில் பேர் வாங்கிய பல் டாக்டர். கிதார் அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம். கணவர், பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார், டிரம் தட்டுவார். கணவரின் தங்கை பாடுவாள். மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டைத்தான் உருப்படியாகப் பழகியிருந்தார்கள். சாயங்காலம் வாசிக்க வேண்டிய அந்தப் பாட்டு கிதாரில் ஆரம்பித்து கிதாரில் முடியும்.

கிதார் கடைக்காரருக்குப் போன் போட்டால், மகளின் பட்டமளிப்புக்கு வெளியூர் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த அழைப்பு நாத்தனாரிடமிருந்து வந்தது.

"அண்ணி, நாற்காலியெல்லாம் போட்டாச்சு. முன் வரிசையில என் மாமியாரு. கிதார் நல்லா இருக்குல்ல?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு," என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கணவர் பீரோ மேலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தார். உள்ளே ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பி, ஈயச் சுருள், இடுக்கி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் மேலுறைகூடக் கிழியாமல் இருந்தன. கருவிகளை வாங்குவது அவருடைய ஆசை. பயன்படுத்துவது வேறு யாராவது செய்ய வேண்டிய வேலை.

"நீங்களே பண்ணலாமே?"

"இன்னிக்கு பரீட்சை. ஹால்ல நான்தான் நிக்கணும்," என்றார் அவர் மிகுந்த துக்கத்தோடு. "உனக்கென்ன, தினமும் இத்தனூண்டு ஓட்டைக்குள்ள வேலை பாக்கிறவ."

அதில் நியாயம் இருந்தது. கிளினிக்கில் நிழல் விழாத விளக்கு இருந்தது. கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி இருந்தது. விதவிதமான இடுக்கிகள் இருந்தன. அதோடு காலையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தவர் ஒரு கிரேன்காரர். அவர் எப்படியும் வரப்போவதில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை நாற்காலிவரை வந்துவிட்டு, ஒருமுறை கார் கதவைப் பூட்ட மறந்துவிட்டேன் என்றும், மறுமுறை ஒன்றும் சொல்லாமலும் ஓடியவர். ஆக, அந்த நேரத்தில் கிதாரைப் பார்த்துவிடலாம்.

டாக்டரம்மா கிதாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தபோது, வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் அக்கா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

"என்ன டாக்டர், பேஷண்டைத் தூக்கிட்டே வந்துட்டீங்க?"

"அவசர கேஸ் அக்கா. கொஞ்ச நேரம் யாரையும் உள்ள விடாதீங்க."

நாற்காலியைச் சாய்த்து, கீறல் விழாமல் இருக்க ஒரு காகிதத் துண்டை விரித்து, கிதாரை அதில் மல்லாக்கப் படுக்கவைத்தார். விளக்கை இழுத்துவிட்டார். கேபிள் செருகும் ஜாக் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகட்டில் இருந்தது. திருகாணிகளைக் கழற்றித் தகட்டை வெளியே இழுத்ததும் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஜாக்கின் பின்னால் இரண்டு தகட்டு நாக்குகள். ஒன்றில் கறுப்பு ஒயர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றதில் கொஞ்சம் பழைய ஈயம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்திருக்க வேண்டிய வெள்ளை ஒயரைக் காணவில்லை. மரத்துக்குள் நழுவிப் போயிருந்தது.

டாக்டரம்மா வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை எடுத்து ஓட்டைக்குள் விட்டு, பழக்கதோஷத்தில், "இன்னும் கொஞ்சம் பெரிசா தொறங்க," என்றார்.

கதவு திறந்தது.

வாசலில் கிரேன்காரர் நின்றார். கட்டடங்கள் கட்டுகிற இடத்தில் வானத்துக்கும் பூமிக்கும் நடுவே உட்கார்ந்து இரும்புத் தூண்களைப் பஞ்சு போலத் தூக்கி வைக்கிற ஆள். கதவு நிலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றார். வலது கன்னம் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்துவைத்தது போல வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னாலிருந்து டோக்கன் அக்காவின் குரல் மட்டும் வந்தது. "வீட்டம்மாவே கொண்டுவந்து விட்டுட்டுப் போயிருக்காங்க டாக்டர்! வெளிய விடாதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. என்னால தடுக்க முடியல!"

கிரேன்காரர் நாற்காலியைப் பார்த்தார். விளக்குக்குக் கீழே வயிறு திறந்து கிடக்கும் கிதாரைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எனக்கு முன்னாடியே ஆள் இருக்காங்களா? பாவம், அவங்களையே முதல்ல பாருங்க டாக்டரம்மா. எனக்கு அவசரமே இல்ல. நான் அடுத்த மாசம்கூட வருவேன்."

"நில்லுங்க," என்றார் டாக்டரம்மா. "எங்கயும் போயிடாதீங்க. எனக்கு ஒரு கை வேணும்."

"என்னோட கையா?"

"ஆமா. வாயை மூடிக்கிட்டு வாங்க."

பல் டாக்டர் ஒருவர் வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னதைக் கிரேன்காரர் வாழ்நாளில் கேட்டதில்லை. உற்சாகமாக உள்ளே வந்தார்.

வெள்ளை ஒயரின் நுனி கண்ணாடியில் தெரிந்தது. டாக்டரம்மா வளைந்த இடுக்கியை விட்டு, நரம்பை இழுப்பது போல நோகாமல் வெளியே இழுத்தார். நுனியைச் சீவிச் செம்புக் கம்பியைத் திரித்தார். அதுவரைக்கும் எல்லாம் அவருக்குப் பழகிய வேலை. சால்டரிங் கம்பி சூடேறிப் புகைய ஆரம்பித்ததும் இடுக்கியைக் கிரேன்காரரிடம் நீட்டினார்.

"இந்த ஒயரை அந்த நாக்குமேல வச்சு அசையாமப் பிடிங்க."

கிரேன்காரர் இடுக்கியை வாங்கிப் பிடித்தார். பூட்டுப் போட்டது போல நின்றது. டாக்டரம்மா கம்பியின் நுனியில் ஈயத்தை உருக்கி, சொட்டு மருந்து விடுவது போல ஒயரின்மேல் விட்டார். ஈயம் அழகான ஒரு வெள்ளி உருண்டையாக உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள். கிரேன்காரர் இடுக்கியை எடுத்தார். உருண்டை டொக்கென்று கழன்று, தரையில் ஓடி, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அதைப் பிடிக்கப் போன அவசரத்தில் டாக்டரம்மாவின் இடது கை ஆள்காட்டி விரல் சூட்டுக் கம்பியில் பட்டுவிட்டது.

"ஐயோ! அம்மா!"

வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஏற்கெனவே கதவிடுக்கு வழியாகப் புகை நாற்றம் வந்துகொண்டிருந்தது. இப்போது அலறலும் வந்தது. பல்செட் அளவுகொடுக்க வந்திருந்த பெரியவர் டோக்கன் அக்காவிடம் மெல்லக் கேட்டார்:

"ஏம்மா, உள்ள கத்துறது டாக்டரம்மா குரல்தானே?"

"ஆமாங்க."

"அப்ப அந்த ஆளு அவங்களை என்ன பண்றாரு?"

டோக்கன் அக்கா சிரித்துவைத்தார். பதில் தெரியாத நேரத்தில் அதுதான் அவர் வழக்கம். அந்தச் சிரிப்பு நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பெரியவர் எழுந்தார். அவர் பின்னாலேயே பல்லுக்குக் கம்பி போட்டிருந்த கல்லூரிப் பெண், "அக்கா, என் பஸ் வந்துருச்சு," என்று கிளம்பினாள். அந்தத் தெருவில் பஸ்ஸே வராது.

உள்ளே டாக்டரம்மா குழாய்த் தண்ணீரில் விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். விரல் நுனி சிவந்து போயிருந்தது. கிதாரில் தந்தியை அழுத்தும் விரல் அது.

"என்னால முடியாது," என்றார். "நாத்தனார்கிட்ட போன் பண்ணி உண்மையைச் சொல்லிடறேன்."

"தினமும் அடுத்தவங்க வாயில கத்தி கபடா விடுறீங்க. இந்தத் துக்கடா ஒயருக்குப் பயப்படுறீங்களே டாக்டரம்மா?"

"பல்லு எனக்குத் தெரிஞ்சது. இது தெரியாதது. அதான் பயமா இருக்கு."

கிரேன்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாருங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. ஒண்ணுமே ஆகாது. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

டாக்டரம்மா மூச்சை இழுத்து விட்டார். பிறகுதான் அது எங்கே கேட்ட வசனம் என்பது அவருக்கு உறைத்தது. போன தடவை இதே அறையில், இதே குரலில், இதே எறும்போடு அவர்தான் இந்த ஆளிடம் சொல்லியிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எதற்கென்று புரியாமலே கிரேன்காரரும் சிரித்தார்; கன்னம் வலிக்கவே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுபடி நாற்காலிப் பக்கம் வந்து டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தகட்டு நாக்கை உற்றுப் பார்த்தார். பழைய ஈயம் மங்கிக் கறுத்துப்போய் அப்படியே இருந்தது.

"அட, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! சொத்தையைச் சுத்தம் பண்ணாம மேல அடைச்சா எப்படி நிக்கும்?"

பழைய ஈயத்தைச் சூடாக்கி வழித்தெடுத்தார். நாக்கைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். இந்த முறை கம்பியை ஈயத்தில் வைக்காமல் நாக்கிலேயே வைத்து, அது சூடானபிறகு ஈயத்தைக் காட்டினார். ஈயம் தண்ணீர் போல ஓடி ஒயரைத் தழுவ ஆரம்பித்தது.

சரியாக அந்த நேரத்தில் கிரேன்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பிரளயமே வந்தாலும் ஆடாத அந்தக் கை, வீட்டம்மாவின் அழைப்புக்கு ஆடியது. சமாளித்துக்கொண்டு ஒயரை மறுபடி அழுத்திப் பிடித்தார். ஈயம் உறைந்தது. இழுத்துப் பார்த்தார்கள். கல் மாதிரி இருந்தது.

டாக்டரம்மா கேபிளைச் செருகி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, தந்தியை மீட்டினார். ஒன்றும் வரவில்லை. காலையில் இருந்த ரீங்காரம்கூட இல்லை.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையால்ல இருக்கு," என்றார். "முன்னாடி முனகலாச்சும் செஞ்சுது. இப்ப உயிரே போயிடுச்சு."

கிரேன்காரர் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"கறுப்பும் வெள்ளையும் ஒரே வீட்டுல குடியிருக்கு. வெள்ளையோட வீடு பூட்டிக் கிடக்கு."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். போன் அதிர்ந்தபோது நழுவிய ஒயர் பக்கத்து நாக்கில், கறுப்பு ஒயரின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதுவும் எத்தனை கச்சிதமாக! தான் செய்த முதல் நல்ல வேலை தப்பான இடத்தில் செய்ததாகப் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

"போனை அணைச்சுடட்டுமா?" என்றார் கிரேன்காரர்.

"அணைச்சா வீட்டுல?"

"அதுவும் சரிதான்." போனை எடுத்து, பஞ்சு வைக்கும் டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

மூன்றாவது தடவை வெள்ளை ஒயரைப் பிரித்தெடுத்து அதன் சொந்த நாக்கில் வைத்தார்கள். புகை ஒரு நூல் போல எழுந்து விளக்கைச் சுற்றியது. ஈயம் ஓடியது, நின்றது, மினுங்கியது. டாக்டரம்மா அதன்மேல் ஊதாமல், ஆட்டாமல், தானாக ஆறும்வரை பொறுத்திருந்தார். இடுக்கியால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

தகட்டை மூடப்போகும்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. ஜாக்கை வெளிப்பக்கமிருந்து பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து போயிருந்தது. கேபிளைச் செருகும்போதெல்லாம் ஜாக்கே சுழன்றிருக்கிறது. ஒவ்வொரு சுழலுக்கும் உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

"பல்லு மேல தப்பில்ல," என்றார் டாக்டரம்மா. "ஈறு சரியில்ல."

நட்டை இறுக்கும் வேலையைக் கிரேன்காரரிடம் கொடுத்தார். அவர் இறுக்கிய இறுக்கில் அதை இனி யாராலும் கழற்ற முடியுமா என்ற கவலை வந்ததே தவிர, தளரும் என்ற கவலை வரவில்லை.

கேபிளைச் செருகினார்கள். டாக்டரம்மா கிதாரை மாட்டிக்கொண்டு, அறையின் நடுவே நின்று, கையை உயர்த்தி ஒரே வீச்சாக வீசினார்.

சத்தம் என்றால் அப்படியொரு சத்தம். காலையில் யாரோ ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டும் திருகை முழுசாகத் திருப்பி வைத்திருந்தார்கள். தட்டிலிருந்த கருவிகள் கலகலவென்று ஆடின. சுவரில் மாட்டியிருந்த 'தினமும் இருமுறை பல் துலக்குங்கள்' படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டோக்கன் அக்கா தண்ணீர் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையோ அணைக்கும் உத்தேசத்தோடு உள்ளே பாய்ந்தார்.

"வந்துருச்சு! டாக்டரம்மா, வந்துருச்சு!" என்று கிரேன்காரர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அத்தனை நாளாக யாருக்கும் காட்டாத வாய். விளக்கு நேராக அதற்குள் விழுந்தது. கடைசிக்கு முந்தின பல், கீழ் வரிசை, பாதி உடைந்து கிடந்தது. டாக்டரம்மாவின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

கிரேன்காரர் அந்தப் பார்வையைக் கவனித்தார். வாயை மூடினார். நாற்காலி காலியாக இருந்தது.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே," என்றார் பலவீனமாக.

"ஒரு பல்லுக்கு ஒரு சொல்லுதான் போகும். உங்ககிட்ட நிறைய இருக்கு." டாக்டரம்மா புதிய காகிதத் துண்டை விரித்தார். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா கதவு அங்க இருக்கு. நான் தடுக்க மாட்டேன். உங்க கை இல்லன்னா இன்னிக்கு என் மானம் கப்பலேறியிருக்கும்."

கதவுப் பக்கம் டோக்கன் அக்கா ஜாடியோடு நின்றிருந்தார். கிரேன்காரர் கதவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். இவ்வளவு நேரம் ஒருத்தருக்குத் தைரியம் சொல்லிவிட்டு இப்போது ஓடினால் நன்றாகவா இருக்கும்? பெருமூச்சு விட்டுப் போய் உட்கார்ந்தார்.

"அந்த எறும்பு கதையை மட்டும் சொல்லாதீங்க," என்றார்.

"சொல்லல. வலிக்கும். ஊசி போடற வரைக்கும் வலிக்கும். அப்புறம் வலிக்காது."

அந்த உண்மை அவருக்குப் பிடித்திருந்தது. கண்களை இறுக்கி மூடிக்கொண்டு ஊசியை வாங்கிக்கொண்டார். மரத்துப்போகச் சிறிது நேரமாகும் என்பதால் டாக்டரம்மா கிதாரை மடியில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, சாயங்காலத்துப் பாட்டை மெதுவாக வாசித்துப் பார்த்தார். சுட்ட விரல் தந்தியில் பட்டதும் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். மற்ற விரல்களை நகர்த்தி ஒப்பேற்ற முடிந்தது. உச்சியில் வரும் ஒரு சுரத்துக்கு மட்டும் அந்த விரலை விட்டால் கதியில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் பாட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. நாற்காலியில் கிரேன்காரரின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது.

பல்லைப் பிடுங்கியதுகூட அவருக்குத் தெரியவே இல்லை. இன்னும் எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கண்ணாலேயே கேட்டார். டாக்டரம்மா கிண்ணத்தைக் காட்டினார்.

அப்போது பஞ்சு டப்பா அதிர்ந்தது. வாயில் பஞ்சோடு கிரேன்காரர் போனை எடுத்தார்.

"எங்க ஓடிப் போயிட்டீங்க? இத்தனை தடவை அடிக்கிறேன்!" என்று வீட்டம்மாவின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"ம்ம். ம்ம்ம்ம்."

"என்ன ம்ம்ம்? டீக்கடையில வடை தின்னுட்டு இருக்கீங்களா?"

டாக்டரம்மா போனை வாங்கிப் பேசினார். வீட்டம்மா நம்பவில்லை. இந்த ஆள் யாரையாவது டாக்டர் மாதிரிப் பேசவைப்பார் என்றார். கடைசியில் படத்தோடு பேசும் அழைப்பில் பல்லை, கிண்ணத்தை, வீங்கிய கன்னத்தை, அதற்குமேல் ஆதாரமாக டோக்கன் அக்காவையும் காட்ட வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகு வீட்டம்மா கன்னத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு, "ரொம்ப வலிச்சுதாங்க?" என்று அவ்வளவு மெல்லிய குரலில் கேட்டார். கிரேன்காரர் தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

சாயங்காலம் தையல்கடையில் கூட்டம் நெருக்கியடித்தது. புது மெஷின்களை ஓரமாகத் தள்ளி நடுவில் இடம் விட்டிருந்தார்கள். நாத்தனார் தானே தைத்த உடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் டிரம்முக்குப் பின்னால் இருந்தார். டாக்டரம்மா கேபிளைச் செருகினார், ஜாக் அசையவில்லை. முதல் சுரம் தெளிவாக, கரகரப்பில்லாமல், கண்ணாடிக் கதவுவரை போய்த் திரும்பியது.

அந்த உச்சிச் சுரம் வரும் இடம் நெருங்கியது. டாக்டரம்மா நாத்தனாரைப் பார்த்துச் சுட்ட விரலை லேசாகத் தூக்கிக் காட்டினார். விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாத்தனாரின் கண் ஒரு கணம் விரிந்தது; காலையில் 'ஜம்முனு இருக்கு' என்றதன் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். நிறுத்த வேண்டிய வரியை அவள் நிறுத்தாமல் இழுத்தாள். கிதார் ஏற வேண்டிய இடத்துக்குக் குரல் ஏறியது. டாக்டரம்மா கீழே இருந்தபடியே மற்ற விரல்களால் அதைத் தாங்கிக்கொண்டார். பள்ளம் விழவே இல்லை. முன் வரிசையில் நாத்தனாரின் மாமியார், இதைத்தான் இத்தனை மாதமாகப் பழகினார்கள் என்று நினைத்துத் தலையாட்டினார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணி, நமக்கு வேற தெரியுமா?" என்றாள் நாத்தனார் மைக்கைப் பொத்திக்கொண்டு.

"தெரியாது."

"அப்ப?"

டாக்டரம்மா ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினார். "இதையே மறுபடி ஆரம்பி. கொஞ்சம் வேகமா."